தலையைத் தாழ்த்து

அன்று அண்ணனின் கோடுகள் குட்டையாக இருந்தன.

விபத்துக்குப் பிறகு அவனுக்கு மிஞ்சியவை கண்களும் ஒரு விரலும்தான். தங்கை கட்டிலோர அழைப்புமணிப் பெட்டியைப் பிரித்து, அதன் மிளகளவு பச்சை விளக்கை அவன் விரலடியில் ஒரு பொத்தானோடு இணைத்திருந்தாள். சட்டென்று மின்னினால் புள்ளி, நீண்டால் கோடு. சின்ன வயதில், படுக்கப் போன பிறகு சுவரில் தட்டித் தட்டி அப்பாவைக் கிண்டலடித்த அதே மோர்ஸ் தந்திக் குறியீடு. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. அவனுடைய கோடு சோம்பலாக இழுபடும். "கொட்டாவி விடுறியா?" என்பாள்.

அன்று கொட்டாவி இல்லை. விளக்கு கறாராக, வெட்டி வெட்டி எரிந்தது.

தலையைத் தாழ்த்து.

"கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எச்சில் நுரையீரலுக்குள்ள போயிடும். எத்தனை தடவைடா சொல்றது?"

தாழ்த்து.

வெளியே பொழுது சாய, மழை வலுத்தது. அறையில் மருந்து வாடை, காயாத துணியின் வாடை, இரண்டுக்கும் அடியில் வெகுநாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல் இன்னொன்று. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். வாடை போகவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் மழையில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் சிரித்தாள்: "அவர் அடம் பிடிச்சா நீங்களும் பிடிங்க. யார் ஜெயிச்சீங்கன்னு வந்து பாக்குறேன்."

தாழ்த்து. தாழ்த்து. தாழ்த்து.

காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்தப் பச்சைப் புள்ளி கண்ணுக்குள்ளேயே குத்துவதுபோல் இருந்தது.

"சரி, உன் இஷ்டம்!"

கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினாள். தலைப்பக்கம் இறங்கியது. அவன் தொண்டையில் களகளவென்று சத்தம்.

இன்னும்.

"கேட்டது நீதானே? இப்ப எதுக்கு அழுவுற?"

கன்னத்தைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். விரல் பொத்தானில் இல்லை. போர்வை மடிப்பில் நழுவிக் கிடந்தது.

விளக்கு மறுபடி மின்னியது: இன்னும்.

கம்பியைப் பிடுங்கினாள்.

எரிந்தது.

அண்ணனின் இமைகள் மூடித் திறந்தன. கண்ணீரால் என்று நினைத்தாள். இல்லை. மெதுவாக. இழுத்து இழுத்து. கொட்டாவிக் கோடு. எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

நான் இல்லை.

கைப்பிடிக்குப் பாய்ந்தாள். அது திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள். மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல், அசையவே இல்லை. களகளப்பு ஏறியது.

"அண்ணா, நிறுத்தாத! பேசு. பேசிக்கிட்டே இரு."

அவன் இமைகள் அடுத்த கோட்டுக்காக மூடின.

பச்சை விளக்கு அணைந்தது.

இமைகள் திறக்கவில்லை. உள்ளே விழிகள் முட்டிமுட்டிப் புரண்டன. மேலே, ஒவ்வோர் இமையிலும் ஒரு சிறு குழி. விரல் நுனியளவு. இன்னும் ஆழமாக அமுங்கிக்கொண்டே.