உப்புமூட்டை

என் மகள் நின்றால் ஓர் எடை, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வேறோர் எடை.

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் தராசு பழுது பார்ப்பது என் தொழில். தராசுக்கு நிற்பதும் தெரியாது, உட்கார்வதும் தெரியாது. மேலே இருப்பது தன்னை எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமே தெரியும். ஒரு மூட்டை சர்க்கரையை நிமிர்த்தி வைத்தாலும் படுக்கப் போட்டாலும் சர்க்கரை கூடுவதில்லை. என் மகள் மட்டும் நின்றால் கூடினாள். கொஞ்சநஞ்சம் அல்ல, கிலோக்கணக்கில்.

நாங்கள் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். உயரமான கூரை, பகலிலும் விளக்கு கேட்கும் நீண்ட நடை, நடையின் கடைசியில் குழந்தைக்கென்று ஒரு சின்ன அறை. வாடகை மலிவு. என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனை நிறுத்த இடம் இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. நடையில் மட்டும் ஈரச் சாக்கு வாடை அடித்தது. எங்காவது குழாய் ஒழுகும் என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன். சுவர் காய்ந்துதான் கிடந்தது.

மகளுக்கு நாலு வயது. அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு எங்காவது போய்க்கொண்டிருப்பாள்: தலையணை, செருப்பு, ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்களின் பூந்தொட்டி.

புது வீட்டில் புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் குனிந்தாள். அவள் தலைக்கும் நிலைக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். ஆனாலும் குனிந்தாள்.

"பெரிய மனுஷி வர்றாங்க, வழி விடுங்க! நிலை இடிச்சிடப் போகுது!" என்று அவள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"எனக்கு இடிக்காதுப்பா," என்பாள் எறும்பு, பெரிய பொறுப்போடு.

சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலியின் நுனியில் மட்டும் தொத்திக்கொள்வாள். "பின்னாடி தள்ளி உட்காருடி, விழுந்துடுவே" என்றால், "பின்னாடி எடமில்லம்மா" என்பாள். படியில் இறங்குவதென்றால், பஸ்ஸை விட்டு இறங்கும் பாட்டியைப்போலச் சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியாக. "ஏறும்போது டிக்கெட் வாங்கலையா?" என்று அவள் அப்பா கேட்டதற்கு, "குழந்தைக்கு டிக்கெட் இல்ல" என்று பதில் வந்தது. அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அவளுடைய சட்டைகள் தொளதொளவென்று ஆகத் தொடங்கின.

டாக்டரம்மா அவளை நாற்காலித் தராசில் உட்காரவைத்து எடை பார்த்தார். போன முறையைவிடக் குறைந்திருந்தது. காலை அமுக்கிப் பார்த்தார். முதுகைத் தடவிப் பார்த்தார். எறும்பின் முழங்கால்கள் நிற்கும்போது நடுங்கின.

"சாப்பிடுறாளா?"

"ரெண்டாள் சாப்பாடு சாப்பிடுறா டாக்டர்."

"அப்ப எங்க போகுது அவ்வளவும்? இந்த வயசுல முதுகு இப்படி வளையக் கூடாது. அடுத்த வாரமும் குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் என் தராசில் நிறுத்தினேன். எடை கூடியிருந்தது.

டாக்டரம்மாவின் தராசுதான் தப்பு என்று நினைத்தேன். தொழில் புத்தி. மறுநாள் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு போய், அனுமதி கேட்டு, அந்த நாற்காலியைச் சோதித்தேன். அது சரியாகவே காட்டியது. என்னுடையதையும் சோதித்தேன். அதுவும் சரி. இரண்டு சரியான தராசுகள் ஒரே பிள்ளைக்கு இரண்டு எடை சொல்கின்றன என்றால் வேறுபாடு தராசில் இல்லை. அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். இங்கே நின்றாள். வீட்டுத் தராசிலேயே சம்மணம் போடச் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன அதே எடை வந்தது.

"தராசுக்காரி பெத்த பிள்ளைக்கே எடை சரியில்லையா?" என்றார் என் கணவர். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்று மதியம் அவர் வேனை எடுத்துப் போன பிறகு, ஒரு மூட்டைக் கடையிலிருந்து பழுதுக்கு வந்திருந்த மேடைத் தராசை நடையில் வைத்தேன். வெளியே மழை. இந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் பார்த்தது புரியும்.

மேடையின் நாலு மூலைக்கும் அடியில் மூலைக்கொரு இரும்புக் கட்டை இருக்கும். லோடு செல் என்போம். எடை ஏறினால் கட்டை மயிரிழை அளவு வளையும். அந்த வளைவை மின்சாரம் எண்ணாக மாற்றும். நாலு எண்ணையும் கூட்டினால் மொத்த எடை. கடைக்காரருக்குக் கூட்டுத்தொகை போதும். எங்களுக்குப் போதாது. எந்த மூலை பொய் சொல்கிறது என்று பார்க்க, நாலையும் பிரித்து நாலு மீட்டரில் மாட்டுவோம். அப்போது மேடையில் இருப்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதுபோல் தெரியும்.

எறும்பை நடுவில் நிறுத்தினேன்.

"சிலை விளையாட்டு. அசையக் கூடாது. சரியா?"

"நான் அசைய மாட்டேன்மா."

அவள் அசையவில்லை. தோள்கள் முன்னால் தொங்க, தலை கால்விரல்களைத் தாண்டி நீண்டிருக்க, குனிந்து நின்றாள். பல நாளாக அப்படித்தான் நிற்கிறாள். நான் கூன் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் உறைத்தது. வெறும் முதுகோடு அப்படிக் குனிந்து நின்றால் யாராக இருந்தாலும் மூக்கு உடைய முன்னால் விழ வேண்டும். அவள் விழவில்லை. மீட்டர்களில் பாரம் முன்மூலைகளுக்குச் சாயவே இல்லை. பின்பக்கம்தான், அவள் குதிகாலுக்கு நேராக, கூடியிருந்தது.

முதுகில் சுமை வைத்திருப்பவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

பின்பு எண்கள் ஆடத் தொடங்கின.

இடது மூலை கொஞ்சம் ஏறியது, வலது இறங்கியது. வலது ஏறியது, இடது இறங்கியது. ஒரே தாளத்தில், அவசரமில்லாமல். எறும்பின் இமைகூட ஆடவில்லை.

"எறும்பு, அசையாதேன்னேனே."

"நான் இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது காலை ஆட்டிட்டு இருக்கு."

ஈரச் சாக்கு வாடை என் முகத்துக்கு நேராக அடித்தது.

"எது?"

"உப்புமூட்டை."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். ரூம் மூலையில் உட்கார்ந்திருந்ததாம். தூக்கு என்று கேட்டதாம். தூக்கினாளாம். அவளைவிடப் பெரியது, ஆனால் நடக்கத் தெரியாது. அவள் உட்கார்ந்தால் மட்டும் அதற்குக் கால் தரையில் எட்டும். கொஞ்சம் சுகமாக இருக்கும். நின்றால்தான் கஷ்டம்.

கணக்கு ஒத்துப்போனது. அதுதான் என்னை நடுங்கவைத்தது. உட்காரும்போது அதன் கால்கள் மேடைக்கு வெளியே, தரையில் ஊன்றிக்கொள்கின்றன. அந்தப் பாரம் தராசுக்கு வராது. தரைக்குப் போகும்.

அவளுக்குப் பின்னால் கையை நீட்டினேன். காற்றுதான். ஆனால் என் கை இடது பக்கம் போனபோது பாரம் வலது மூலைக்குச் சாய்ந்தது. வலது பக்கம் கொண்டுபோனேன்.

இடது மூலைக்கு ஒதுங்கியது.

அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எந்தத் தாயும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "அதை இறங்கச் சொல்லு."

எறும்பு தலையைப் பின்பக்கம் சாய்த்து, யாரோ காதில் பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டாள். "மாட்டேங்குது. அவங்களும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

"யாரு?"

"அதைத் தூக்கிட்டு வந்தவங்க. கொஞ்ச நேரம் இறங்கிக்கோன்னு சொல்லி, இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்களாம்."

"எறும்பு, அம்மா சொல்றேன்ல. இறங்கச் சொல்லு! இறங்கு!"

கால் ஆட்டம் நின்றது.

நாலு மீட்டரும் ஒரு கணம் அசையாமல் இருந்தன.

பின்பு நாலும் ஏறின.

ஒருவர் பிடியை எவ்வளவு இறுக்கினாலும் அவர் எடை கூடாது. அது விதி. நான் எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்ன விதி. என் கண் முன்னால் எண்கள் ஏறிக்கொண்டே போயின. எறும்பின் முழங்கால்கள் மடங்கின. கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் வெளுத்து, உள்ளே குழிந்தது. கைகளின் அகலத்துக்கு.

"அம்மா," என்றாள். பாதிச் சொல்தான் வந்தது.

அவளைப் பிடித்து இழுத்தேன். மேடையில் அறைந்த ஆணியைப் போல இருந்தாள். இழுக்க இழுக்கக் கழுத்தில் குழி ஆழமானது. விட்டேன். விட்டதும் எண்கள் ஏறுவது ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில்தான் எனக்குப் புத்தி வந்தது.

பயந்த பிள்ளை அது. இறங்கச் சொன்னால் இறுக்கும். தூக்க வந்தால்?

அவளுக்குப் பின்னால் போனேன். திரும்பி, என் முதுகை அவள் பக்கம் காட்டி, குந்தி உட்கார்ந்தேன். எதிரே நடை நீண்டு கிடந்தது. பின்னால் என் மகள் மூச்சுக்குத் திணறும் சத்தம். எறும்பைத் தூங்கவைக்கும் குரலில் பேசினேன்.

"இங்க பாரு கண்ணு. அவ சின்னப் பிள்ளை, பாவம், கால் வலிக்குது. அம்மா முதுகு பெருசு. நான் உன்னைக் கீழ விடமாட்டேன். வா. இப்படியே தாவி வந்துடு."

ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம்.

"வாடா செல்லம். அம்மா தூக்கிக்கறேன்."

முதலில் ஒரு கை வந்தது. குளிர்ந்து, நனைந்து, என் காதோரமாக நுழைந்து கழுத்தைச் சுற்றியது. பின்பு இன்னொன்று. பின்பு பாரம் முழுவதும்.

பின்னால் தொப்பென்று சத்தம். தாங்கிய சுமை போனதும் எறும்பு குப்புற விழுந்திருந்தாள். மூக்கு உடைந்து, வீடே அதிரும்படி அலறினாள். அப்படி அவள் அழுது எத்தனையோ நாளாகியிருந்தது. இத்தனை நாளும் அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சுவரைப் பிடித்து எழுந்தேன். கழுத்துப் பக்கம் சின்ன மூச்சு ஒன்று வந்து போனது. கொஞ்ச நேரத்தில், என் இடுப்பின் இரண்டு பக்கமும், மெதுவாகக் கால் ஆடத் தொடங்கியது.

மாலையில் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. எறும்பு நிமிர்ந்து ஓடுவதைப் பார்த்தார், அப்போதும் நம்பவில்லை. என்னைத் தராசில் ஏறி நிற்கச் சொன்னார், பிறகு உட்காரச் சொன்னார். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தார். கடைசியில், "வேன்ல எல்லா நேரமும் உட்கார்ந்துதானே இருக்கேன். எனக்குச் சிரமம் இருக்காது" என்றார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லத் திரும்பி எனக்கு முதுகு காட்டினார்.

வீடு மாறலாம் என்று முதலில் யோசித்தோம். முதுகில் இருப்பது வாசலோடு நின்றுவிடுமா என்ன? மூட்டை முடிச்சுகளைக் கட்டாமலே விட்டோம்.

எறும்பு இப்போது நன்றாக எடை போட்டிருக்கிறாள். நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே எடை. தான் எழுதிக் கொடுத்த டானிக்தான் வேலை செய்தது என்றார் டாக்டரம்மா, நான் தலையாட்டினேன்.

இதே சிக்கல் வேறு யாருக்காவது வந்தால், செய்ய வேண்டியது இதுதான். அதைக் கீழே இறக்க முடியாது; முயலவும் கூடாது. இடம் மட்டும் மாற்றலாம். இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் சற்றுக் குனிந்து, கோபமில்லாத குரலில், "வா" என்று கூப்பிட வேண்டும். அது தாவிக்கொள்ளும். வாங்குகிறவர் வளர்ந்தவராக இருந்தால் போதும், பாரம் தாங்கும். நாங்கள் பகலில் அவர், மாலையில் நான் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.