ஐந்தாவது வரி

பெங்களூர் மர்பி டவுனில் நாராயணசாமி வீட்டில் அந்த வருஷம் மழைக்காலம் முழுவதும் ஒரே பேச்சுதான். தசரா லீவில் எல்லோரும் தீவுக்குப் போகப் போகிறார்கள்.

தீவு என்றால் ராமேஸ்வரம். சுற்றிலும் கடல். கடலுக்கு மேலே பாலம் கட்டி, அதில் ரயில் விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் அல்சூர் ஏரிதான்.

நாராயணசாமி ரயில்வேயில் ஃபிட்டர். ரயில்வேக்காரர்கள் குடும்பத்தோடு டிக்கெட் இல்லாமல் போய்வர பாஸ் கொடுப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தப் பாஸில் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குத்தான் போனார்கள். இந்தத் தடவை தீவுக்கே போவது என்று அப்பா சொன்னதும் வீடு இரண்டுபட்டது.

ஆறாம் வகுப்பு படிக்கும் சம்பூர்ணம், பள்ளிக்கூட அட்லாஸைப் பார்த்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தீவை வரைந்து சுவரில் ஒட்டினாள். ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று அவளுக்கே எண்ணம். எட்டு வயதுத் தம்பி அசோகன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வால் முளைத்த பலாக்கொட்டை என்றான்.

அந்தப் பலாக்கொட்டையைச் சுற்றி ஆளுக்கு ஓர் ஆசையை எழுதிக்கொண்டார்கள். கப்பல் வந்தால் பாலம் நடுவில் திறக்குமாம், அந்தப் பல்சக்கரத்தை அப்பா பார்க்கவேண்டும். அம்மா சந்திரம்மாவுக்குக் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளிக்கவேண்டும். அசோகன் படகில் போய், வழி தவறி, இரண்டு நாள் தானே மீன் பிடித்துச் சாப்பிட்டு உயிர்பிழைக்க வேண்டும் என்று எழுதினான். அம்மா படகை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டாள்.

"எனக்கு கடல் தண்ணி நெஜமாவே உப்பா இருக்குதான்னு பார்க்கணும்" என்றாள் கோமளம் அத்தை. "அவ்ளோ உப்பை யாரு கொண்டுபோய்ப் போட்டாங்கன்றேன்."

கோமளம் அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் அத்தைதான். இந்தத் தடவை கோழிகளைப் பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் விட்டுவிடலாம் என்று அம்மாவே சொன்னாள்.

அன்றிலிருந்து அத்தையின் கால் தரையில் நிற்கவில்லை. அப்பாவின் பழைய காக்கி பேண்ட்டை வெட்டி ஐந்து பை தைத்தாள். வழியில் கெடாத தின்பண்டம் எது எது என்று யோசித்தாள். அலை வந்தால் எப்படி நிற்பது என்று பழக்க, பிள்ளைகளை அல்சூர் ஏரிக்குக் கூட்டிப்போனாள். ஏரியில் அலையே இல்லை. அத்தை தானே புடவையைச் சுருட்டிக்கொண்டு முட்டித் தண்ணீரில் குதித்து அலை உண்டாக்கினாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கன்னடத்தில் திட்டினார்கள்.

சம்பூர்ணத்தின் ஆசை ஒன்றே ஒன்றுதான். பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்காரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா யார் எங்கே உட்காருவது என்று பேச்செடுத்தார். அத்தைக்கு மார்க்கெட் வரைக்கும் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். அதனால் வழி முழுக்க, பாலத்திலும்கூட, ஜன்னல் ஓரம் கோமளத்துக்கு என்று முடித்துவிட்டார். சம்பூர்ணம் அழுதாள். பெரிய பெண் அழலாமா என்று கேட்டார்கள். அத்தை முறுக்குக்கு மாவு சலிக்கும் மும்முரத்தில் இருந்ததால் அந்த அழுகையைக் காதில் வாங்கவே இல்லை.

அன்று சாயங்காலம்தான் அப்பா பாஸ் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும். இங்கிலீஷ் பாரம் என்றால் அந்த வீட்டில் சம்பூர்ணம்தான். போகிறவர்களின் பெயர், உறவு, வயது. வரிசையாக எழுத வேண்டும்.

முதல் வரியில் அப்பா. அடுத்தது அம்மா. பிறகு சம்பூர்ணம், அசோகன். ஐந்தாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. ஜன்னல் நினைவு வந்தது. ஐந்தாவது வரியின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டு, தாளை மடித்து அப்பாவின் பையில் வைத்துவிட்டாள்.

காலையில் எடுத்து எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அப்பாவுக்கு மறுநாள் முதல் ஷிப்ட். அவள் கண்விழித்தபோது அப்பாவும் இல்லை, பையும் இல்லை.

அதற்குப் பிறகும் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

மூன்று வாரம் கழித்துப் பாஸ் வந்தது. மொத்தம் நாலு பேர்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாஸ் ஆபீஸுக்குப் போய் கிளார்க் ஓஸ்வால்டிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். பாரத்தில் இருந்ததைத்தான் எழுதினேன் என்றாராம் ஓஸ்வால்ட். அப்படியானால் பாரத்தைக் காட்டு என்றாராம் அப்பா. பாரம் பெரிய ஆபீஸுக்குப் போய்விட்டதாம்.

"தப்பும் பண்ணிட்டு பொய் வேற" என்றார் அப்பா. "சும்மா விடமாட்டேன். மேலதிகாரிக்கு எழுதறேன். சஸ்பெண்ட் பண்ணட்டும்."

"எதுக்குண்ணா பேஜார்" என்றாள் அத்தை. "நீங்க நாலு பேரும் போய்ட்டு வாங்க. முத்தம்மாகிட்ட விட்டா கோழி முட்டையே வைக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்பூர்ணத்தால் பார்க்க முடியவில்லை.

அத்தை வேலைகளை நிறுத்தவில்லை. முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாள். ஐந்தாவது பையை மட்டும் பிரித்துக் கரித்துணி ஆக்கினாள். பிறகு ஒரு காலி எண்ணெய் பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்துச் சம்பூர்ணத்திடம் கொடுத்தாள்.

"இதுல கடல் தண்ணி எடுத்துட்டு வா சம்பு. உப்பா இல்லையான்னு நக்கிப் பார்த்துக்கறேன்" என்றாள். "இனிமே ஜன்னலும் உனக்குத்தான். சந்தோஷம்தானே?"

சம்பூர்ணம் பாட்டிலை வாங்கி அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அப்பா வெள்ளைத்தாள் வாங்கிவந்து அவள் முன்னால் போட்டார். புகார் எழுத வேண்டும். அப்பா தமிழில் சொல்வார், அவள் இங்கிலீஷில் எழுதவேண்டும். ஓஸ்வால்ட் கவனமில்லாமல் வேலை பார்க்கிறார், கேட்டால் பொய் சொல்கிறார், அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அசோகனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் யாராலும் அவள் எழுதுவதைப் படிக்க முடியாது. எதை எழுதினாலும் அப்பா அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதை நினைத்துச் சம்பூர்ணம் பேனாவைத் தாளில் வைக்காமலே பிடித்திருந்தாள். ஓஸ்வால்டை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வழுக்கைத் தலை, காதில் செருகிய பென்சில். அசோகனுக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்த மனிதர்.

அவள் எழுத ஆரம்பித்தாள். அப்பா சொன்னதை எழுதவில்லை.

"ஆச்சா? குடு, கையெழுத்து போடறேன்" என்றார் அப்பா.

"தமிழ்ல படிச்சுக் காட்டறேன்ப்பா. அப்புறம் போடுங்க."

அப்பா சரி என்றார். சம்பூர்ணம் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்கள் ஆபீஸில் தப்பு நடக்கவில்லை. பாரத்தை எழுதியது என் மகள் சம்பூர்ணம். ஐந்தாவது வரியில் என் தங்கை கோமளத்தின் பெயரை எழுதாமல் அவள் கோடு போட்டுவிட்டாள். மறந்துபோய் இல்லை. ஜன்னல் ஓர இடத்துக்காக."

முறம் நின்றது. அசோகனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அத்தை ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்துபோய், கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். அவை இன்னும் காய்ந்திருக்கவே இல்லை.

அப்பா திட்டவில்லை. மறுநாள் அவளைச் சைக்கிளில் வைத்துப் பாஸ் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே நாலு பேர் பார்க்க ஓஸ்வால்டிடம், நான் பேசினது தப்பு சார், மன்னிச்சுக்கோங்க என்றார். அப்பா கைகட்டி நின்று சம்பூர்ணம் அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்க்கவைத்தது தானே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஓஸ்வால்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கையெழுத்து நல்லா இருக்கு, கணக்குதான் கொஞ்சம் வீக், அஞ்சு பேர் நாலு ஆயிட்டாங்க என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கொடுத்த பாஸில் பெயர் சேர்க்க முடியாது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக எழுதிப்போட வேண்டும். அது வருவதற்குள் தசரா முடிந்துவிடும். அதன்பிறகு அப்பாவுக்கு லீவு மே மாதம்தான். இல்லையென்றால் இதிலேயே நாலு பேரும் போய்வரலாம்.

அப்பா மகளிடம் திரும்பினார். "நீயே சொல்லு."

"அத்தை இல்லாம வேணாம்ப்பா."

ஓஸ்வால்ட் புதுப் பாரத்தையும் தன் பேனாவையும் நீட்டினார். அவள் முதல் வரியிலேயே அத்தை பெயரை எழுதப் போனாள். முதல் வரி வேலை பார்க்கிறவருக்கு, ரூல் அப்படி என்று அவர் தடுத்தார். அப்பாவை எழுதிவிட்டு இரண்டாவது வரியில் கோமளம் என்று எழுதினாள். எழுத்தெழுத்தாக, மெதுவாக.

அந்தத் தசரா ஒரு தசராவாகவே இல்லை. சம்பூர்ணத்தோடு அசோகன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பென்சில் சீவ ஆள் வேண்டியிருந்ததால் பேசினான். தீவுக்குப் போகலையா என்று தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா, லீவு கிடைக்கலை என்று சொன்னாள். அம்மா ஒவ்வொரு முறை அப்படிச் சொன்னபோதும் சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். பயணத்துக்குச் சுட்ட முறுக்கை வீட்டிலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். அசோகனைத் தவிர யாருக்கும் அது ருசிக்கவில்லை.

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. எப்போதும்போலத் தலை வாரிவிட்டாள், சோறு போட்டாள். ஒரு நாள் பின்னல் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஜன்னல் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, சம்பூர்ணம்."

அவ்வளவுதான் சொன்னாள். தப்பு பண்ணினது கிளார்க் என்று அத்தை நினைத்திருந்த நாட்களில் அவள் சம்புதான். இப்போது முழுப்பெயர். நன்றாகத்தான் கூப்பிட்டாள், அன்பாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் முழுப்பெயர். ஏழு மாதமும் அப்படியே கூப்பிட்டாள். காலி பாட்டிலும் ஏழு மாதமும் சீப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மே மாதம் கிளம்பினார்கள். அத்தை மறுபடியும் ஐந்தாவது பை தைத்திருந்தாள். மூன்று இடத்தில் வண்டி மாறினார்கள். அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அப்பா சொன்னபடியே வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் முதுகைத் தடவுவதும் சம்பூர்ணத்தின் வேலை. யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மண்டபம் தாண்டியதும் ரயில் ஊர்ந்தது. காற்றில் ஒரு புது வாசனை வந்தது. அப்பா பல்சக்கரத்தைப் பார்க்க வாசல் பக்கம் ஓடினார். அசோகன் அவர் காலுக்கு இடையில் தலையை நுழைத்தான்.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பார்க்கப் பார்க்க முடிவே இல்லாத தண்ணீர்.

அத்தை ஒரு முறை கீழே எட்டிப் பார்த்தாள். உடனே இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டாள். அவள் கை தடவித் தடவி வந்து சம்பூர்ணத்தின் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"கீழ தரையே இல்ல. என்னால முடியாது" என்றாள். "நீ பார்த்துச் சொல்லு, சம்பு. என்ன தெரியுது?"

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் சம்பூர்ணம் அத்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தையின் தோளுக்கு மேலே எட்டி நின்றுகொண்டாள். பச்சைத் தண்ணீர், அதற்கு அப்பால் நீலத் தண்ணீர், பாறைமேல் ஒரு கொக்கு, பாய் கட்டிய இரண்டு படகு, ஒரு படகிலிருந்து கையாட்டும் சின்னப் பையன். பாலம் முடிந்து தீவு வரும்வரை, ஒன்றைக்கூட விடாமல் அத்தைக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.