மகுடம் வெளியீட்டு விழா

எழுத்து பிறந்த நாள்தொட்டு மனிதகுலம் காத்திருந்த தருணம் அன்று காலை பதினொன்றுக்கு நகர மண்டபத்தில் நிகழவிருந்தது. 'மகுடம்' என்னும், அச்சுக்கும் கணினிக்குமான அலங்காரத் தலைப்பெழுத்து உலகுக்கு வழங்கப்படும். வழங்குபவர், அதைப் படைத்த எழுத்துச் சக்கரவர்த்தி. அழைப்பிதழ் அப்படித்தான் சொன்னது. அந்தப் பட்டத்தைச் சக்கரவர்த்தி தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார் என்பதை அது சொல்லவில்லை. விழா நாள் காலை ஏழே காலுக்கு, அவருடைய நிறுவனத்தின் மாடி அறையில் அங்கே வேலை பார்த்த ஓவியர் மண்டை பிளந்து கிடக்கக் காண்பார்கள் என்பதையும் சொல்லவில்லை.

7.50. இன்ஸ்பெக்டர் அம்மா அறைக்குள் நுழைந்தார். மேஜை, மூலையில் பிரிண்டர், தரையில் ஓவியர், அவர் பக்கத்தில் தாள் பறக்காமல் வைக்கும் இரும்புக் கட்டி. அறையின் குறுக்கே கட்டிய கம்பியில், துணி உலர்த்துவதுபோல் இருபத்து மூன்று தாள்கள் கிளிப்பில் தொங்கின. தாளுக்கு ஓர் எழுத்து. ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் ஒரு குட்டிப் பாதம், பாதத்திலிருந்து ஒரு கொடி, கொடி நுனியில் ஒரு மொட்டு. பதினெட்டு எழுத்துகள் தலைகீழாக இருந்தன. கதவோரத்து ஐந்து மட்டும் நேராக, கொஞ்சம் வெளுப்பாகவும். கதவு திறக்கும்போதெல்லாம் இருபத்து மூன்றும் வந்தது யார் என்று திரும்பிப் பார்த்தன.

"என்ன மேடம், வௌவால் மாதிரி தொங்குது?" என்றார் கான்ஸ்டபிள்.

"முதல்ல பிணத்தைப் பாருங்க. வௌவாலை அப்புறம் பாக்கலாம்."

முந்தின நாள் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். அறை பூட்டியிருந்தது. சாவி மூன்று பேரிடம்: ஓவியர், சக்கரவர்த்தி, ஓவியருடைய தங்கையின் கணவர். அந்த மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி பார்ப்பவர். பிணத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். மாலை 5.40-க்கு மாடியில் கத்தியதும் அவர்தான் என்றார் வாட்ச்மேன்.

உயிரோடிருந்த இருவரின் கைரேகையும் எடுத்தாயிற்று.

8.40. மாப்பிள்ளை.

"கத்தினீங்களா?"

"கத்தினேன்."

"எதுக்கு?"

"மச்சான் மேடையேறி, இது என் எழுத்துன்னு சொல்லப் போறேன்னாரு. வேலை போயிடும் மச்சான், வாயைத் திறந்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்னேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போயிட்டேன்."

"பாத்தவங்க?"

"யாருமில்ல."

மேலதிகாரி போனில் வந்தார். பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். பதினொன்றுக்குள் மாப்பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு விழாவுக்கு வழிவிட வேண்டுமாம்.

9.10. சக்கரவர்த்தி.

"என் வலக்கரம் ஒடிந்தது, அம்மையீர்!"

"மாடிக்குக் கடைசியா எப்போ வந்தீங்க?"

"ஒரு திங்களாய் அவ்வாசற்படியை மிதித்திலேன்."

"ஒரு மாசம்னு எழுதிக்குங்க" என்றார் கான்ஸ்டபிளிடம். "நேத்து சாயங்காலம்?"

"இல்லத்தில், தனிமையில், உரை தீட்டிக்கொண்டிருந்தேன்."

"எழுத்தை வரைஞ்சது நீங்களா, அவரா?"

"கை அவனுடையது. கருத்து என்னுடையது."

9.40. மாடிப்படியின் கீழே தங்கை உட்கார்ந்திருந்தாள். "அண்ணன் போயிட்டாரு. இப்ப இவரையும் கூட்டிட்டுப் போறீங்களாமே. நான் யாருக்குன்னு அழறது மேடம்?"

"வீட்ல ரெண்டு பேருக்கும் ஆகாதா?"

"ஆகாதா? ரெண்டும் ஒரே பைத்தியம். வீட்டுக் காலண்டரைக்கூட தலைகீழா மாட்டி வெச்சுக்கிட்டு, இந்த எட்டுக்கு இடுப்பு சரியில்லைன்னு மணிக்கணக்கா பேசுவாங்க. தேதி பாக்க நான் கழுத்தை ஒடிச்சுக்கணும்."

சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார். ரேகை எடுப்பவரைக் கூப்பிட்டு ஐந்து கிளிப்புகளைக் காட்டினார்.

10.50. மண்டபம். திரைக்குப் பின்னால் சக்கரவர்த்தி புதுக் கோட்டில் கனைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளையும் கிளிப்பையும் நீட்டினார்.

"சின்ன உதவி. வேலை பண்றப்போ தாளை எப்படி மாட்டுவீங்க? இந்தத் திரையில மாட்டிக் காட்டுங்க."

மாட்டினார். நேராக. இரண்டடி பின்வாங்கி ரசிக்கவும் செய்தார்.

"வரையறவங்க இப்படி மாட்ட மாட்டாங்க. நேரா இருந்தா கண்ணு வாசிச்சிட்டுப் போயிடும். எந்தக் கோடு தடிமன், எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியணும்னா தலைகீழா மாட்டணும். ஓவியர் அப்படித்தான். அவரோட மாப்பிள்ளையும் அப்படித்தான். கதவோரம் அஞ்சு மட்டும் நேரா இருந்துச்சு. பழைய தாள்ல ரத்தம் தெறிச்சதும், எடுத்துட்டு பிரிண்டர்ல புதுசு போட்டு மாட்டினவருக்கு இந்த வேலையே தெரியாது. சாவி மட்டும் இருந்திருக்கு."

"ஊகம், அம்மையீர்! வெறும் ஊகம்!"

"அஞ்சு கிளிப்லயும் உங்க ரேகை. ஒரு மாசமா வாசப்படி மிதிக்கலைன்னீங்களே, கையால நடந்து போனீங்களா?"

திரைக்கு அந்தப் பக்கம் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. சக்கரவர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவோ சொன்னேன், கேக்கல மேடம். மேடையில மானத்தை வாங்கிடுவேன்னான். சும்மா ஒரு தட்டுதான் தட்டினேன்." செந்தமிழ் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டிருந்தது.

"இரும்பால" என்றார் இன்ஸ்பெக்டர்.

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கை அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை விடவில்லை. குற்றப்பத்திரிகையை, ஸ்டேஷன் கணினியில் எந்த எழுத்து இருந்ததோ அதில் அடித்தார்கள்.