இருபத்து மூன்றாவது ஆள்

நிலாச் சிறையின் ஏழாம் அறையில் ஆறு பேர் படுக்கலாம். இருபத்திரண்டு பேர் படுத்திருந்தார்கள், எல்லோரும் ஒருக்களித்து. அரை மணிக்கு ஒருமுறை மூத்த கைதி கஜேந்திரன் "பொரளு" என்பார். அத்தனை உடம்பும் ஒரே நேரத்தில் மறுபக்கம் திரும்பும். தனியாகப் புரளும் ஆடம்பரமெல்லாம் அங்கே கிடையாது.

இன்னாசிக்கு மறுநாள் விடுதலை. பூமிக் கப்பலில் இடம் போட்டாகிவிட்டது, மனைவி வந்து காத்திருப்பாள். ஆறு வருடம் யார்மேலும் கை ஓங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய மனுஷன், அன்றைக்குப் பார்த்து வீட்டு நினைப்பில் தப்பான பக்கம் புரண்டான். அவன் முழங்கை கஜேந்திரனின் மூக்கைப் பதம் பார்த்தது.

கைதிகளின் தோளில் புதைத்திருந்த அடியுணர்வி அதை உடனே தீர்ப்புப்பொறிக்குச் சொல்லிவிட்டது. கூரையிலிருந்து குரல் வந்தது. "சக கைதியைத் தாக்கிய குற்றம். கூடுதலாக மூன்று வருடம்."

"தெரியாமப் பட்டுருச்சுங்க," என்றான் இன்னாசி.

"அடிபட்ட எனக்கே கோவமில்ல, உனக்கென்னய்யா வந்துச்சு?" என்றார் கஜேந்திரன் கூரையைப் பார்த்து, மூக்கைப் பொத்தியபடி.

பொறிக்கு இதெல்லாம் ஏறுமா? அடித்தால் வருடம் கூடும், வருடம் கூடினால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் மறுபடி அடி. எந்தப் புத்திசாலி போட்ட சட்டமோ! தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையைத் தூக்க இடமில்லை.

இன்னாசி விடவில்லை. மேல்முறையீடு செய்தான். "ஆறு பேர் ரூம்ல இருபத்திரண்டு பேர அடைச்சது யாரு? அவங்க மேல குத்தமில்லையா?"

பொறி ஒரு நிமிடம் யோசித்தது. அதற்கு அது ஒரு யுகம். "வாதம் சரி. நெரிசலே காரணம். கண்காணிப்பாளர் சபாபதி குற்றவாளி. அவருக்கும் மூன்று வருடம், இதே அறையில்."

அறையே ஆர்ப்பரித்தது.

"அப்ப என் தண்டனை?" என்றான் இன்னாசி.

"முழங்கை உங்களுடையது. அதில் மாற்றமில்லை."

காத்திருக்கும் மனைவிக்கு இன்னாசி என்னவென்று சொல்லி அனுப்புவான்? அதற்குள் கதவு திறந்து, கைதி உடையில் சபாபதி உள்ளே தள்ளப்பட்டார்.

"நான் என்னய்யா பண்ணுவேன்? மேலேருந்து அனுப்புனாங்க, அடைச்சேன்," என்று அவர் பொருமினார். "செயலாளர் மேல புகார் குடுக்கறேன். அமைச்சர் மேலயும் குடுக்கறேன். ஒருத்தரையும் விடமாட்டேன்."

"புகார் ஏற்கப்பட்டது," என்றது கூரை. "நிரூபணமானால் அனைவருக்கும் இதே அறை."

இன்னாசி சபாபதியை நோக்கிக் கும்பிட்டான். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாபஸ் வாங்குங்க. கெடச்ச நியாயமே போதும். இதுக்கு மேல நியாயம் வந்தா மூச்சு விட முடியாது."