பேர் போடாத நாலு பேர்

"களவாணிங்கறீங்களா சார் என்னைய?"

"நான் சொல்லல அம்மிணி. மிஷின் சொல்லுது. நேத்துலருந்து இந்தக் கதவத் தொறந்தது ரெண்டே விரலு. ஒண்ணு என்றது. இன்னொண்ணு உன்றது."

"லேப் இன்சார்ஜுங்க நானு. இந்த ரூமைத் தொறக்காம வேலை பாக்க முடியுங்களா?"

"கத்தாத. கீழ டெய்லருங்க பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க."

பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தரணீதரனின் வாயும் மைதிலியின் கையும் அசைவது தெரிந்தது. தையல் மிஷின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதனால் என்ன? வார்த்தைகளை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

காணாமல் போனது ஓர் இசைத்தட்டு.

பனியன் கம்பெனியில் துணியைச் சோதிக்கும் அந்த அறையில் வருஷம் பூராவும் இருபத்தொரு டிகிரி குளிர். பழைய ரெக்கார்டுகளுக்கும் அதுதான் சுகம் என்று, தரணீதரன் தன் அபூர்வ சேகரிப்பை அங்கேயே ஒரு பீரோவில் வைத்திருந்தார். எல்லாம் சைக்கடெலிக் ராக். கேட்டால் தலை சுற்றும். சுற்றாவிட்டால் தட்டில் கோளாறு!

அதில் ராஜா, 'ஊதா வண்டு'. எழுபத்து மூன்றில் சென்னையில், சினிமாவுக்கு வாசிக்கும் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை காலி ஸ்டுடியோவில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததாம். அட்டையில் ஒருவர் பேர்கூடக் கிடையாது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. இரண்டு வருஷத்துக்கு முன்பு தரணீதரன் கண்டுபிடித்தார்.

இப்போது மேஜையில் அட்டை இருந்தது. உள்ளே தட்டு இல்லை.

"நாலு மணிக்குக் கோயமுத்தூர்லருந்து திருமூர்த்தி ஐயா வாங்க வர்றாரு. அதுக்குள்ள தட்டு வரோணும். இல்லீன்னா போலீஸு." தரணீதரன் அவள் போனை எடுத்துத் தன் பையில் போட்டார். "ஞாயித்துக்கெழமை உனக்கு நிச்சயமாமா? மாப்பிள்ள ஊட்டுல பேப்பர் படிப்பாங்களா?"

கதவு மூடியது.

க்ளிக்!

மைதிலி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. போகிற போக்கில் அவள் விரலைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார் மனிதர்.

கதவைத் தட்டினாள். கீழே இருநூறு மிஷின் ஓடியது.

கீழே பரவிய பேச்சில், பன்னிரண்டரைக்கு அவள் ரெக்கார்டு திருடியிருந்தாள். ஒரு மணிக்கு அது நகையானது. இரண்டு மணிக்கு, நகையோடு ஓடிப்போக இருந்தவளைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகப் பக்கத்து ராயபுரம் வரை பேசியாகிவிட்டது. நிச்சயத்துக்கு நாலு நாள். மாப்பிள்ளை வீடு இருக்கும் உடுமலைப்பேட்டைக்கு இந்தச் செய்தி போக நாலு மணி நேரம் போதும்.

குளிர் எலும்பில் ஏறியது. சும்மா உட்கார முடியவில்லை. கை பழக்கத்தில் அந்த அட்டையை எடுத்து லைட் பாக்ஸில் வைத்தது.

துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் விளக்கு என்று மூன்றிலும் பார்க்கிற பெட்டி அது. மூன்றிலும் ஒத்துப்போனால்தான் அப்ரூவல்.

அட்டையின் ஓரத்தில் ஐம்பது வருஷப் பழுப்பு.

இந்தப் பழுப்பை... எங்கேயோ...

ஃபைலைப் புரட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய பக்கம். 'விலைச்சீட்டு அட்டைக்குப் பழசு மாதிரி ஒரு பழுப்பு வேணும் அம்மிணி, ஒரு வெளிநாட்டு பையர் கேக்கறான்' என்று தரணீதரன்தான் சொன்னார். ஏ, பி, சி என்று மூன்று பழுப்பு கலக்கிக் கொடுத்தாள். சி அப்ரூவ் ஆனது. ஆர்டர் மட்டும் வரவேயில்லை.

சி துண்டை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பகல். இரண்டும் ஒன்று.

கடை. ஒன்று.

வீடு. ஒன்றேதான்!

ஐம்பது வருஷத்தை அவளே கால் மணி நேரத்தில் கலக்கியிருக்கிறாள்!

போலி... அப்படியானால் தட்டை ஒளித்ததும் இவரேதானா? அவள் தலையில் கட்டிவிட்டு...

இது தெரிந்துவிட்டது என்று தெரிந்தால், கதவைத் திறப்பாரா?

அப்போது கதவிடுக்கில் ஒரு குரல்.

"அம்மிணி... நான் அருள்குமாருங்க."

பிரிண்டிங் செக்சன் அருள்குமார். ஞாயிறானால் சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர்.

"அண்ணா! யாரையாச்சும் கூப்பிடுங்கண்ணா."

"கூப்பிடறக்கு வரலீங்க. ஒப்புக்க வந்தேன். தட்டை எடுத்தது நானு."

"என்னங்ணா சொல்றீங்க?"

"நேத்து பிரிண்ட் சாம்பிள் காட்ட வந்தேனில்லீங்க? நீ லைட்டு மாத்தறக்குத் திரும்புனப்ப, தட்டை மட்டும் உருவி அந்தத் துணிக்கு அடியில வச்சு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணா அது?"

"அதுல வாசிச்சதே நானுங்க."

மைதிலி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள்.

"நானு, கட்டிங் மாஸ்டர் ராக்கையா, ஸ்டோர் கந்தப்பன், அயர்ன்ல ஒரு ஒடிசாக்காரரு. ஒரு லீவு நாள்ல மொதலாளிதான் கட்டிங் ஹால்ல வாசிக்கச் சொன்னாரு. பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. பேரு போடுவீங்களான்னு கேட்டேன். பேரு இல்லீன்னாத்தான் மவுசுன்னாரு. ரெண்டு வருசமா ஒரு காப்பி கேக்கறனுங்க. வாசிச்சது நானு, போட்டுக் கேக்கறது அவரா?"

"அப்ப அவருக்கு நெசமாவே தட்டு காணோம்..."

"ஆமாங்க. நான் போயி அவருகிட்டச் சொல்லீர்றேன். நீ வெளிய வா."

மைதிலி யோசித்தாள். போலியைத் தொலைத்தவன் எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பான்?

"சொல்லாதீங்கண்ணா. நாலு மணிக்குத் தட்டோட வாங்க. கிடாரையும் எடுத்துட்டு வாங்க."

நாலு மணி. கதவு திறந்தது. தரணீதரனோடு எழுபது வயதுத் திருமூர்த்தி. ரெக்கார்டு விஷயத்தில் கொங்கு நாட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இவதானுங்க ஐயா எடுத்தது."

"அப்பப் போலீஸக் கூப்பிடுங்க சார்," என்றாள் மைதிலி.

"அதுவும் சரிதான்." திருமூர்த்தி போனை எடுத்தார். "டி.எஸ்.பி. நமக்கு வேண்டியவருதான்."

"ஐயா... சித்த இருங்க. அவசரப்பட வேண்டாமுங்க."

"ஏனுங் தரணி, காலைலருந்து போன்ல போலீசுன்னதே நீங்கதான?"

மைதிலி விளக்கைப் போட்டாள். அட்டை, சி துண்டு, அதன் கீழே தரணீதரனின் கையெழுத்து. மூன்று வெளிச்சம்.

"பழுப்பு நான் கலக்குனதுங்க ஐயா. வாசிச்சவரு வாசல்ல நிக்கறாரு."

அருள்குமார் உள்ளே வந்து தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கிடாரை வாசித்தார். திருமூர்த்தி கண்ணை மூடினார்.

"போதும். தட்டுல இந்த எடத்துல ஒரு பிசிறு வருமே..."

"அன்னைக்கு ஒரு கம்பி அறுந்து போச்சுங்க. அஞ்சு கம்பியிலதான் ஓட்டுனேன்."

தரணீதரன் நாற்காலியைத் தேடினார்.

"இப்பக் கூப்பிடுங்க ஐயா," என்றாள் மைதிலி.

திருமூர்த்தி கூப்பிடவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. போன் மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.

"போன வருசம் ஒரு புஸ்தகம் போட்டேன் அம்மிணி. எழுபத்து மூணுல மெட்ராஸ்ல இந்த நாலு பேரையும் நேர்ல பார்த்தேன், காப்பி சாப்பிட்டேன்னு எழுதியிருக்கறேன். தரணி வந்து இவங்களைத் தெரியுமான்னு கேட்டப்ப... தெரியாதுங்கறக்கு நாக்கு வரல."

அறைக்குள் நாலு பேர். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. இரண்டு பேரால் நகர முடியவில்லை.

"எனக்கு உங்க புஸ்தகமும் வேண்டாம், அவரு ரெக்கார்டும் வேண்டாம்," என்றாள் மைதிலி. "நான் எடுக்கலீன்னு அவரு மைக்ல சொல்லோணும். இப்பவே."

இருநூறு மிஷினும் நின்றன. "மைதிலி எதையும் எடுக்கலீங்க. தப்பு என்றது" என்று தரணீதரனின் குரல் மூன்று மாடியிலும் கேட்டது. அவ்வளவு பேருக்குக் கேட்டால், உடுமலைப்பேட்டைக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

நிச்சயம் நடந்தது. தை மாதம் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை காற்றாலை மெக்கானிக். அவளிடம் குரலை உயர்த்துவதில்லை என்று கேள்வி. தரணீதரன் கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கோவைக்குக் குடிபோனார். தட்டு அருள்குமார் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கேட்க ஆளில்லை.

திருமூர்த்தியின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அந்த நாலு மேதைகளும் எண்பதுகளிலேயே வெளிநாடு போய்க் குடியேறிவிட்டார்கள் என்று புதிதாக ஒரு வரி.

அவர்களில் ஒரு மேதை, தினம் காலை எட்டே காலுக்கு ராயபுரம் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருக்கிறார்.