சொல் தட்டாத பிள்ளை

விரித்த பாயை விட்டுவிட்டு ஆர்த்தி வெறும் சிமென்ட் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். நெற்றி தரையில் அழுந்தியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கிடப்பு தெரியும். வெடி வெடித்து, ஓட வழியில்லை என்றால் அப்படித்தான் விழ வேண்டும். நாலு வயது ஆர்த்திக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த பொன்மணியின் கை நின்றது.

“யாரு புள்ள இப்படிப் படுக்கச் சொன்னது?”

“அக்கா,” என்றாள் ஆர்த்தி, முகத்தைத் தூக்காமல்.

அக்கா மாரிசெல்வி இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கென்று பொட்டல் மேட்டில் கட்டிய காலனி இது. நல்ல மேடாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். வெள்ளமும் ஏறாது, குழாய்த் தண்ணீரும் ஏறாது. ஆனாலும் மேகம் கறுத்தால் தெருவே துணிமூட்டையைப் பீரோவின் மேல் தூக்கி வைக்கும். ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

வெள்ளத்தில் பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல சூலக்கரை அரசு ஆபீசிலிருந்து வரும் மேடம் மட்டும் கேட்பாள். “மனசுல எதையும் அடைச்சு வைக்காதீங்க பொன்மணி. அழணும்னா அழுதிருங்க.”

“நல்லாத்தான் இருக்கோம் மேடம். நீங்க சாப்பிட்டீகளா?” என்பாள் பொன்மணி. அதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

வந்திருந்தால் இதுதான் வந்திருக்கும். வெள்ளம் வந்த அன்று கண்மாய்க் கரை உடைந்தது வெடி வெடித்த மாதிரியே கேட்டது. நாரணாபுரத்தில் ஏதோ பட்டாசுக் கம்பெனி வெடித்துப் போய்விட்டது என்று ஊரே நினைத்தது. கைக்குழந்தை ஆர்த்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற பொன்மணி, உள்ளே எழுதிக்கொண்டிருந்த மூத்தவளைப் பார்த்து, “குப்புறப் படு! நான் சொல்லாம எந்திரிக்கக் கூடாது!” என்று கத்தினாள். கத்திவிட்டு, பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போயிருந்த புருஷன் உக்கிரபாண்டியை நினைத்துத் தெருவுக்கு ஓடினாள். தெருமுனையில் வந்தது தீ இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மாரிசெல்வியை எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. சொல் தட்டாத பிள்ளை. படுத்த இடத்திலேயே கிடந்தாள். தூங்கின பிள்ளை பாவம், ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஊர் அழுதது. பொன்மணியும் அதையே சொல்லி அழுதாள்.

ஆர்த்தி குப்புறப் படுத்ததற்கு மறுநாள், அவள் படுத்த இடத்துக்குப் பக்கத்தில் தரை நனைந்திருந்தது. வெளியே வெயில் பொட்டலைக் காய்ச்சிக்கொண்டிருக்க, மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருக்க, அந்த ஈரம் மட்டும் கண்மாய்ச் சேற்று வாடையோடும் ஊறின சாக்கு வாடையோடும் காயாமல் கிடந்தது. ஒரு பிள்ளை படுக்கிற அளவுதான் இருக்கும்.

“பூச்சு சரியில்ல. கீழருந்து ஊறுது,” என்றான் உக்கிரபாண்டி. தீபாவளி சீசன் நேரம். அவனுக்கு நிற்க நேரமில்லை.

பொன்மணி துடைத்தாள். மணலைக் கொட்டினாள். கட்டிலை இழுத்து அதன் மேல் போட்டாள். ஆர்த்தி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். இழுத்து வெளியே எடுத்தபோது நெற்றியில் சேறு ஒட்டியிருந்தது. இருமினாள். வாயிலிருந்து மணல் கலந்த நீர் வந்தது. இருந்த ஒரு பிள்ளையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, “இவளை விட்டுரு தாயி,” என்று பொன்மணி தரையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அடுத்த நாள் பிற்பகலிலேயே வானம் இருட்டியது. கரண்ட் போனது. வாசலில் காயப்போட்ட காகிதக் குழாய்களை அள்ளும்போது, பெரிதாக ஒரு சத்தம். இடியா, வெடியா தெரியவில்லை. குழாய்களைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

கட்டில் சுவரோரம் தள்ளியிருந்தது. யார் தள்ளினார்கள்?

ஆர்த்தி கிடந்தாள். குப்புற. காதைப் பொத்தி. பக்கத்தில் அந்த ஈரம்.

“ஆர்த்தி, எந்திரி!”

அசைவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினாள். நாலு வயதுப் பிள்ளை வரவில்லை. தரையோடு தரையாகக் கனத்தாள். முதுகு சில்லிட்டிருந்தது.

“எந்திரிடி, கண்ணு!”

“அக்காட்ட நீ இன்னும் சொல்லலையே,” என்றாள் ஆர்த்தி தரைக்குள். பேச்சில் தண்ணீர் கொப்பளித்தது.

பொன்மணி பிடித்த தோளை விட்டாள். ஆமாம். சொல்லவே இல்லை. புதைத்தபோதுகூடச் சொல்லவில்லை. மண்டியிட்டாள். ஈரத்தின் பக்கம் திரும்பினாள்.

“மாரிசெல்வி... அம்மா சொல்றேன். போதும். எந்திரி தாயி.”

சொத்.

சிமென்டில் ஒரு ஈரக் கை ஊன்றியது. பிறகு இன்னொன்று.

தலைமுடி சொட்டச் சொட்ட, முதுகு மெல்ல மேலே வந்தது. எழுந்து நின்றது.

ஆர்த்தி எழவில்லை. அவளுக்கு அடியில் தரை கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டிருந்தது, அவள் அளவுக்கு.