ஆரஷுக்கு ஒரு காற்றுக்கோபுரம்

தோட்டத்தின் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஓர் அட்டை: ‘பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. மன்னிக்கவும்.’

நெகார் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டு முறையும் அதேதான் எழுதியிருந்தது.

மதிலுக்கு மேலே காற்றுக்கோபுரத்தின் தலை தெரிந்தது. அதைச் சுற்றிலும் சாரம் கட்டியிருந்தார்கள்.

“இதுதானா?” என்றான் தம்பி ஆரஷ்.

“இதுதான்.”

“காத்து எங்க?”

“உள்ள.”

“நாம வெளியில இருக்கோமே.”

“தெரியும்டா.”

ஆரஷுக்கு ஆறு வயது. வசந்தம் முழுவதும் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவன் அழும்போதெல்லாம் நெகார் யஸ்த் நகரத்துக் காற்றுக்கோபுரங்களைப் பற்றிச் சொன்னாள். உச்சியில் காற்று நுழையும். இருட்டு வழியாக இறங்கும். அடியில் போய் நின்றால் முடி பறக்கும். கட்டைப் பிரித்ததும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. சொன்னால் சொன்னதுதான்.

மலையடிவாரத்து ஊரான தஃப்திலிருந்து காலையிலேயே கிளம்பினார்கள். ஆனால் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், தேநீர் குடிக்க அழைத்த எல்லாரிடமும் அப்பா ‘வேண்டாம்’ சொல்ல வேண்டியிருந்தது. ‘வேண்டாம்’ என்பதை ஒரே தடவையில் சொல்லி முடிப்பவர் அல்ல அவர். ஒவ்வொருவரிடமும் நெஞ்சில் கை வைத்து, குனிந்து, நலம் விசாரித்து, மறுபடியும் சொன்னார். யஸ்த் வந்து சேர்ந்தபோது நடுப்பகல் ஆகிவிட்டது.

ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. மண்சுவர்கள் அடுப்பைப் போல் அனல் வீசின.

“பஸ் நிலையத்துக்கே போயிடலாம்மா” என்றார் அப்பா. “இன்னொரு நாள் வரலாம்.”

“இந்த ஊர்ல ஒரே ஒரு கோபுரமா இருக்கு, பாபா?”

“மத்ததெல்லாம் வீட்டு மேல இருக்கும்மா. ஊரான் வீடு.”

ஆரஷ் சுவரில் சாய்ந்து, கட்டுப் பிரித்த காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றான். அவன் அழுதிருந்தால் நெகாருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சந்தில் ஒரு மரக்கதவு திறந்தது. ஒரு பெண்மணி வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயோ, குழந்தைங்களோட இந்த வெயில்லயா! உள்ள வாங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

அப்பா நெஞ்சில் கை வைத்தார். “உங்க கை வலிக்காம இருக்கட்டும். தொந்தரவு வேணாங்க.”

“தொந்தரவா? உங்க பாதம் என் கண்ணு மேல.”

“உங்க நிழல் குறையாம இருக்கட்டும். நாங்க கிளம்பறோம்.”

“என்னை உங்க தங்கச்சியா நினைச்சுக்கங்க.”

“நீங்க எங்க தலை மேல. ஆனா கிளம்பறோம்.”

கதவு மூடிக்கொண்டது. இருவருக்கும் திருப்தி.

நெகார் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக் கூரையின் மேல் ஒரு காற்றுக்கோபுரம் நின்றது. சின்னதுதான். ஆனாலும் கோபுரம்.

“பாபா, உங்களுக்குத் தாகமா இல்லையா?”

“நாக்கு ஒட்டிக்கிச்சு.”

“அப்ப ஏன் வேணாம்னீங்க?”

“அவங்க மரியாதைக்குக் கூப்பிட்டாங்க. நானும் மரியாதைக்கு வேணாம்னேன்.”

“நிஜமாவே கூப்பிட்டிருந்தா?”

“அப்பவும் இப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“அப்ப எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அப்பா யோசித்தார். “தெரியலையே” என்றார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

“நான் கேட்டுட்டு வரேன்.”

“நெகார்! மானம் போயிடும்!”

அவள் அதற்குள் போய்விட்டாள். கதவில் தட்டுவதற்கென்று இரண்டு பிடிகள் இருந்தன. ஆண்கள் தட்டுவதற்குக் கனமான கட்டை, பெண்கள் தட்டுவதற்கு மெல்லிய வளையம். வளையத்தைப் பிடித்து மூன்று தட்டு தட்டினாள்.

அதே பெண்மணி எட்டிப்பார்த்தாள்.

“சலாம் சித்தி. நீங்க எங்களைக் கூப்பிட்டது நிஜமாவா, மரியாதைக்கா? மரியாதைக்குன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

சந்தில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே முக்கியமான செய்தி ஏதோ எழுதியிருப்பதைப் போல் சுவரையே பார்த்தார்.

பெண்மணியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது.

“மரியாதைக்குத்தான்” என்றாள் மெல்ல. பிறகு படபடவென்று பேசினாள். “வீடு பூரா அலங்கோலம். கம்பளம் துவைக்கறேன். உட்கார ஒரு நாற்காலி இல்ல. என்னைப் பத்தி என்ன நினைப்பியோ!”

“நாற்காலி வேணாம் சித்தி. உங்க கோபுரத்துக்கு அடியில ரெண்டு நிமிஷம் நிக்கணும். தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு இப்பத்தான் கால் சரியாச்சு.”

“கோபுரமா? அதுல காத்து வராதும்மா. புறா வருதுன்னு என் வீட்டுக்காரர் பலகை போட்டு அடைச்சுட்டார். கூலர் வந்தப்புறம் அதை யார் கேக்கறா?”

“பலகையைக் கழட்டலாமா?”

பெண்மணி அவளையே பார்த்தாள்.

“விட மாட்டே போலிருக்கே?”

“மாட்டேன்.”

பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “என் பேரு தூபா. இப்ப நிஜமாவே கூப்பிடறேன். அந்தச் சுவரைப் படிக்கறவரையும் கூட்டிக்கிட்டு வா.”

முற்றம் முழுக்கச் சோப்பு நுரை. நனைந்த கம்பளங்கள் தரையில் கிடந்தன. பின்னறைக் கூரையில், கோபுரத்துக்கு நேர் கீழே, ஒரு சதுரத் திறப்பு, அதை மூடி ஒரு பலகை. அப்பா ஏணியைப் பிடித்து ஏறினார். வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. ஏணி மேல் நின்றுகொண்டு யாருக்கும் குனிய வேண்டியதில்லை.

பலகையைக் கட்டியிருந்த கம்பியை அறுத்தார். பலகையை அசைத்தார்.

முதலில் புழுதி விழுந்தது. பிறகு வைக்கோல். பிறகு புறா இறகுகள். பிறகு பலகை. எல்லாம் அடங்கியபோது அப்பாவின் மீசை எது, கூடு எது என்று சொல்ல முடியவில்லை.

ஆரஷ் அடியில் போய் நின்றான். தலையைத் தூக்கினான். காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

“பொய்” என்றான்.

நெகார் மேலே பார்த்தாள். உச்சியில் வானம் ஒரு துண்டு நீலமாகத் தெரிந்தது. வழி திறந்துதான் இருந்தது. காற்று உள்ளே வரலாம். வந்தால் பிறகு எங்கே போகும்?

அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெயிலுக்குப் பயந்து சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். உள்ளே வந்த கதவையும் தூபா சித்தி சாத்திவிட்டிருந்தாள்.

“வெளிய போக வழியே இல்ல சித்தி! வழியில்லாத வீட்டுக்கு அது எப்படி வரும்?”

ஓடிப்போய் முற்றத்துக் கதவைத் திறந்தாள். எதிர்ச் சன்னலையும் தள்ளினாள்.

தரையில் ஓர் இறகு அசைந்தது. இன்னொன்று நகர்ந்தது. பிறகு எல்லா இறகுகளும் சேர்ந்து வாசலைப் பார்த்து ஓடின.

ஆரஷின் முடி எழுந்தது.

அவன் கையை மெதுவாகத் தூக்கி, முடி பறக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். பிறகு தலை இடிக்கும் வேகத்தில் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

“எழுந்திருடா, தரையெல்லாம் புழுதி” என்றார் அப்பா.

“நீங்க மட்டும் எப்படி இருக்கீங்களாம்?” என்றாள் தூபா சித்தி. சொன்ன கையோடு கூலரை அணைத்தாள். காற்றுக்கு அடியில் வந்து, ஈரக் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். “டீ போடட்டுமா? மரியாதைக்கு இல்ல. கேள்விதான்.”

அப்பாவின் கை நெஞ்சுப் பக்கம் போனது. பாதியில் நின்றது.

“போடுங்க” என்றார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

தேநீர் வருவதற்குள் ஆரஷ் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். கோபுரத்திலிருந்து அவ்வப்போது ஓர் இறகு சுழன்று இறங்கியது. நெகார் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, எதுவும் அவன் வாய்க்குள் விழாமல் பார்த்துக்கொண்டாள்.